எழுதியவரே வாடிக்கையாளரா?

என் தாத்தாவின் கட்டிலுக்கடியில் நான்கு அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. சிறு வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது அவற்றின் பின்னால்தான் ஒளிந்துகொள்வேன். உள்ளே இருப்பது தாத்தா எழுதிய கவிதை நூல் என்று தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

தாத்தா பேரா மாநிலத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்தார். நான் பிறந்த 2003ஆம் ஆண்டில், அதிலிருந்து 8,000 ரிங்கிட்டை ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தார். ஆயிரம் பிரதிகள் அச்சிடுவோம், நாடு முழுவதும் கடைகளில் வைப்போம், தமிழ்நாட்டிலும் விற்றுத் தருவோம் என்று அவரிடம் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வேன் வந்தது. ஆயிரம் பிரதிகளையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அட்டையில் தாத்தாவின் பெயரிலேயே எழுத்துப்பிழை! வெளியீட்டு விழாவில் விற்றதும் உறவினர்களுக்குக் கொடுத்ததும் போக மீதி கட்டிலுக்கடியில் குடியேறியது. அதிலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நானே இந்த ஆண்டு அதே குழியில் விழப் பார்த்தேன். அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தேசிய இடைநிலைப்பள்ளியில், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு வெறும் வகுப்பறையில் தமிழ் படித்தவள் நான். படிவம் நான்கிலிருந்து சிறுகதை எழுதி வருகிறேன். பன்னிரண்டு கதைகள் சேர்ந்தபோது, புலனத்தில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி, இரவு பதினொரு மணிக்கு அவற்றை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதில் வந்துவிட்டது. "தங்கள் படைப்பை எங்கள் தேர்வுக்குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது" என்றார்கள். 140 பக்கங்களை ஒரே இரவில் ஒரு குழு கூடிப் படித்து முடித்துவிட்டதாம்! கூடவே மூன்று வகைக் கட்டணத் திட்டங்கள். நடுத்தரத் திட்டத்துக்கு 5,500 ரிங்கிட். என் கையில் இருந்ததோ உயர்கல்விக் கடனாக வந்த பணம். உண்மையைச் சொன்னால், அதைக் கொடுத்துவிட மனம் துடித்தது. அச்சில் நம் பெயரைப் பார்க்கும் ஆசை அப்படிப்பட்டது.

தாத்தாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பணத்த அப்புறம் பேசுவோம். மொதல்ல அவங்க உன் கதையில ஒன்னையாவது படிச்சாங்களான்னு கேளும்மா" என்றார். கேட்டேன். "எல்லாக் கதைகளும் அருமை. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால் பத்து விழுக்காடு கழிவு" என்று பதில் வந்தது. அத்தோடு என் மயக்கம் தெளிந்தது.

சொந்தப் பணத்தில் நூல் போடுவதே இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. மலேசியத் தமிழ் நூல்களில் பெரும்பாலானவை எழுத்தாளர்களின் சொந்தக் காசில்தான் அச்சேறி வந்துள்ளன. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்குப் பின்னால் எந்தப் பெரிய நிறுவனமும் இல்லை. நூலை வாங்க விரும்புவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டித்தான் அவர் அதை அச்சிட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தேடிப் போனது வாசகர்களை.

என் கருத்து இதுதான். உண்மையான பதிப்பாளர் நூலை வாசகருக்கு விற்று வாழ்கிறார். போலிப் பதிப்பாளர் நூலை எழுதியவருக்கே விற்று வாழ்கிறார். நாம் பணம் கட்டிய அன்றே அவருடைய வியாபாரம் முடிந்துவிடுகிறது. பிறகு நூல் விற்றாலென்ன, கரையான் தின்றாலென்ன? பிழை திருத்தவோ, கடை கடையாக ஏறி இறங்கவோ அவருக்கு என்ன அவசியம் இருக்கிறது?

இப்படிப்பட்டவர்களை அடையாளம் காண்பது கடினமன்று. படிக்காமலேயே புகழ்வார்கள். ஒரு வரியைக்கூடத் திருத்தச் சொல்ல மாட்டார்கள். "உலகம் முழுவதும் கிடைக்கும்" என்பார்கள். ஓர் இணையக் கடையின் பட்டியலில் பெயர் ஏறும், அவ்வளவுதான். இன்னொரு வகையும் உண்டு. நாற்பது ஐம்பது பேரிடம் ஆளுக்கொரு கவிதை வாங்கித் தொகுப்பு நூல் போடுவார்கள். இடம்பெறுவதற்குக் கட்டணம்; பிரதி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம்; கடைசியில் ஒரு சான்றிதழ். நம் மாணவர்களில் பலர் இதில் சிக்கியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பை வாங்குவோர் அதில் எழுதியவர்கள் மட்டுமே.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ஒப்பந்தம். எனக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில், என் கதைகளின் உரிமை எல்லா மொழிகளிலும் எல்லா வடிவங்களிலும் நிரந்தரமாக அவர்களுக்கே என்று ஒரு வரி இருந்தது. பணமும் என்னுடையது, கதையும் என்னுடையது, உரிமை மட்டும் அவர்களுடையதாம்! நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாள் முழுதும், அதன் பின் 50 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். அது வேறொருவர் கைக்கு மாற வேண்டுமென்றால் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். ஆகவே, கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். புரியாவிட்டால் சட்டத்துறையில் பயிலும் நண்பரிடம் காட்டுங்கள். ஒரு பதிப்புக்கு மட்டும், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை கொடுப்பதே போதும்.

சரி, எப்படித்தான் வெளியிடுவது? நான் விசாரித்து அறிந்த வரையில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, அவசரப்படாமல் இதழ்களிலும் போட்டிகளிலும் எழுதுவது. நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளும் நம் பேரவைக் கதைகள் போன்ற போட்டித் தொகுப்புகளும் நம்மிடம் பணம் கேட்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் நம் கதையைப் படித்துத் தேர்ந்தெடுக்கிறார் அல்லது ஒதுக்குகிறார். ஒதுக்கப்படுவதும் ஒரு பாடமே. இருபத்திரண்டு வயதுக்காரருக்கு இதுவே சிறந்த வழி என்பது என் எண்ணம்.

இரண்டாவது, தம் செலவில் நூல் போடும் பதிப்பகத்தை அணுகுவது. இங்கு அவை குறைவு, தமிழ்நாட்டில் அதிகம். அங்கே நூல் வெளியிட்ட மலேசிய எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். காத்திருக்க வேண்டும், திருத்தங்களை ஏற்க வேண்டும். அனுப்பும் முன் அந்தப் பதிப்பகத்தின் இரண்டு நூல்களையாவது வாங்கிப் படியுங்கள். அங்கு வெளியிட்ட ஓர் எழுத்தாளரிடம், "உரிமத்தொகை வந்ததா?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, நாமே பதிப்பாளராவது. பதிப்பாளர் என்று ஒருவரிடம் பணத்தைக் கொட்டுவதைவிட, அச்சகத்துக்கு நேரே போய்விடலாம். மூன்று அச்சகங்களிலாவது விலை கேளுங்கள். இன்று மின்னியல் அச்சு முறையில் ஐம்பது, நூறு பிரதிகள் மட்டுமே அச்சிடலாம். ஆயிரம் போட வேண்டிய கட்டாயமில்லை. போலிகள் கட்டணப் பட்டியலில் பெருமையாகக் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே வழங்குகிறது; தாமே நூல் வெளியிடுபவரும் விண்ணப்பிக்கலாம். பிழைதிருத்தம் தெரிந்த ஓர் ஆசிரியருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். அது வீண் செலவன்று. பக்க வடிவமைப்புக் கோப்பைக் கட்டாயம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"நம்மவர்கள் புத்தகமே வாங்குவதில்லை, வேறு என்ன செய்வது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதில் உண்மை உண்டு. அதனால்தான் வெளியீட்டு விழாவில் பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்று உறையில் பணம் கொடுப்பதையே நம்பி இருக்கிறோம். அந்த உதவியை நான் குறை சொல்லவில்லை. பல அச்சுக் கடன்கள் அப்படித்தான் அடைந்திருக்கின்றன. ஆனால் அன்று வாங்கிய எத்தனை பேர் நூலைத் திறந்து பார்த்தார்கள்? வாசகர் குறைவு என்றால் அச்சிடும் பிரதிகளைக் குறைப்போம். வாசகரைத் தேடி நடப்போம். பல்கலைக்கழக வாசகர் வட்டத்தில் இருபது பேர் படித்து விவாதிக்கும் நூல், கட்டிலுக்கடியில் கிடக்கும் ஆயிரம் பிரதிகளைவிட மேலானது.

கடந்த விடுமுறையில் கோலாலம்பூர், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்த் தாத்தாவின் நூலைத் தேடினேன். இல்லை. 1986ஆம் ஆண்டு நூலக ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சிட்ட நூலின் ஐந்து பிரதிகளைப் பதிப்பாளர் தம் செலவில் அங்கே ஒப்படைக்க வேண்டும். 8,000 ரிங்கிட் வாங்கியவர் அதைக்கூடச் செய்யவில்லை. அவருடைய தொலைபேசி எண் இப்போது பயன்பாட்டில் இல்லை. தாத்தாவின் பிஸ்கட் டின்னில் கிடைத்தது ஒரே ஒரு ரசீது. அதில் 'அச்சுச் செலவு' என்று மட்டுமே இருக்கிறது. வேறெந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை என்கிறார் தாத்தா. ஆக, அந்தக் கவிதைகள் இன்றும் அவருடையவையே.

என் கதைத்தொகுப்பு காத்திருக்கட்டும். இப்போது தாத்தாவின் கவிதைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அறுபது பிரதிகள் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். இம்முறை அட்டையில் அவர் பெயர் சரியாக இருக்கும். முதல் ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போகும்.

நண்பர்களே, எழுதுங்கள். நூலும் போடுங்கள். ஆனால் பணத்தை எடுத்து நீட்டும் முன், 78 வயதுத் தாத்தா எனக்குச் சொல்லித் தந்த அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "என் கதையில் ஒன்றையாவது படித்தீர்களா?"