கசிவா, தேக்கமா?

கணினித் துறையின் சொற்கள் தமிழுக்கு வரும்போது, சொல்லோடு பொருளும் பழுதின்றி வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது தமிழ் படித்தோர் கடமை. ‘நினைவகக் கசிவு’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். கசிவு என்றவுடன் நம் கண்முன் நிற்பது ஓட்டைப் பானை. ஊற்றிய நீர் குறைந்துகொண்டே போகும். ஆனால் நினைவகம் கசியும் மென்பொருளில் எதுவும் குறைவதில்லை. அது நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறது. கணினியின் பொது இருப்பிலிருந்து வாங்குகிறது, வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை. பொது இருப்பின் பக்கம் நின்றால் கசிவு; மென்பொருளின் பக்கம் நின்றால் தேக்கம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஓட்டையைத் தேடுபவர், அடைத்துக்கொண்ட மடையைக் காணாமலே போய்விடுவார்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஈமாக்ஸ் என்னும் உரைதிருத்தி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984இல் எழுதத் தொடங்கிய குனு ஈமாக்ஸ் இன்றும் வளர்ந்து வருகிறது. இதைப் பயன்படுத்துவோர் காலையில் திறந்து மாலையில் மூடுவதில்லை. வாரக்கணக்கில் திறந்தே வைத்திருப்பார்கள். கட்டுரையும் மின்னஞ்சலும் நிரலும் நாட்குறிப்பும் அதற்குள்ளேயே நடக்கும். 2009இல் வந்த 23ஆம் பதிப்பு முதல், சாளரம் எதுவும் இல்லாமல் பின்னணியிலேயே நிலைத்திருக்கும் வசதியும் உண்டு. ‘எட்டு மெகாபைட், இடைவிடாத வட்டுப் பரிமாற்றம்’ என்று அதன் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை விரித்துக் கேலி செய்த காலமும் இருந்தது. எட்டு மெகாபைட் இன்று ஒரு பொருட்டன்று. கேலிக்குப் பின்னிருந்த கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. மூடப்படாமலே ஓடும் ஒரு மென்பொருள் எவ்வளவு பெருக்கலாம்?

ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் ஆனது. லிஸ்ப்பில் நினைவகத்தை நிரலாளர் கையால் விடுவிப்பதில்லை. குப்பை சேகரிப்பான் அதைச் செய்கிறது. பயன்பாட்டிலுள்ள மாறிகளிலிருந்து புறப்பட்டு, எட்டக்கூடிய பொருள்கள் அனைத்திற்கும் குறியிட்டு, குறி பெறாதவற்றைத் துடைத்துவிடும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எது தேவை, எது தேவையில்லை என்பது அதற்குத் தெரியாது. எட்ட முடிகிறதா, முடியவில்லையா என்பது மட்டுமே தெரியும். பரணில் கிடக்கும் பழைய செய்தித்தாள் கட்டு நமக்கு வேண்டாததாக இருக்கலாம். ஏணி சாத்தியிருக்கும் வரை அது குப்பை ஆகாது.

எனவே ‘நினைவகம் பெருகுகிறது’ என்னும் ஒரே அறிகுறிக்குப் பின்னால் குறைந்தது நான்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, பிடிப்பு. ஏதோ ஒரு பட்டியல் பழையவற்றை விடாமல் பிடித்திருக்கிறது. வெட்டிய உரைகளை ஈமாக்ஸ் ஒரு வளையத்தில் சேர்த்து வைக்கும். 2023இல் வந்த 29ஆம் பதிப்பில் அதன் இயல்பான அளவு 60இலிருந்து 120 ஆனது. ஒருமுறை பத்து மெகாபைட் உரையை வெட்டினால், மேலும் அத்தனை வெட்டுகள் நிகழும்வரை அது அங்கேயே இருக்கும். பெயரின் முன் ஓர் இடைவெளியோடு தொடங்கும் இடையகங்கள் பட்டியலில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. துணைநிரல்கள் அவற்றைத் திறந்துவிட்டு மறந்துபோவதும் உண்டு.

இரண்டாவது, உண்மையான கசிவு. ஈமாக்ஸின் அடித்தளம் சி மொழியில் ஆனது. அங்கே ஒதுக்கிய இடத்தை விடுவிக்காமல் அதன் முகவரியையும் தொலைத்துவிட்டால், குப்பை சேகரிப்பானாலும் அதை மீட்க இயலாது.

மூன்றாவது, சிதறல். உரைதிருத்தி இடத்தை விடுவித்துவிட்டது. ஆனால் விடுவித்த துண்டுகளுக்கு நடுவே, பயன்பாட்டிலுள்ள சிறு துண்டுகள் அமர்ந்திருப்பதால், ஒதுக்கீட்டு நூலகம் அந்த இடத்தை இயங்குதளத்திடம் ஒப்படைக்காமல் வைத்துக்கொள்கிறது.

நான்காவது, நாமே வருவித்துக்கொண்டது. 64-பிட் கணினிகளில் ஏறக்குறைய 8 லட்சம் பைட்டுகள் புதிதாக ஒதுக்கப்பட்டதும் சேகரிப்பு நிகழும் என்பது நெடுங்காலமாக இருந்து வரும் இயல்பான அமைப்பு. வேகத்துக்காக இந்த எல்லையை மிகப்பெரிய எண்ணாக மாற்றச் சொல்லும் அறிவுரைகள் ஏராளம். தொடக்கத்தில் மாற்றிவிட்டுப் பின்னர் மீட்டமைக்காவிட்டால், சேகரிப்பு ஏறத்தாழ நிகழாமலே போகும். பெருக்குவதை நிறுத்திவிட்டு வீட்டில் குப்பை சேர்கிறதே என்று வருந்துவதற்கு இது ஒப்பாகும்.

நான்கையும் பிரித்தறிய வழி உண்டு. முதலில் அளக்க வேண்டும். இயங்குதளம் காட்டும் நினைவக அளவை ஒரு மணிக்கு ஒருமுறை குறித்து வந்தால், ஏறி ஓரிடத்தில் நிற்கிறதா, நில்லாமல் ஏறுகிறதா என்பது தெளிவாகும். நின்றுவிட்டால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்து, ஈமாக்ஸே தரும் கணக்கைப் பார்க்க வேண்டும். 2022இல் வெளியான 28ஆம் பதிப்பு முதல், எந்த இடையகம், எந்த மாறி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் அறிக்கைக் கட்டளை இருக்கிறது. இரண்டு கணக்கும் சேர்ந்து ஏறினால் முதலாவதையோ நான்காவதையோ ஐயுறலாம். சேகரிப்பைக் கையால் ஒருமுறை இயக்கினால் அவ்விரண்டும் பிரிந்துவிடும். லிஸ்ப் கணக்கு நிலையாக இருக்க இயங்குதளக் கணக்கு மட்டும் ஏறினால், சி அடித்தளத்தின் கசிவு அல்லது சிதறல். காலி இடத்தை ஒப்படைக்கச் சொல்லி நூலகத்துக்கு ஆணையிட்டவுடன் அளவு கணிசமாகச் சரிந்தால் சிதறல் என்று கொள்ளலாம். பிறகு அமைப்புக் கோப்பு இல்லாமல் இயக்கிப் பார்த்து, துணைநிரல்களைப் பாதி பாதியாக விலக்கி வந்தால் காரணம் அகப்படும்.

இவ்வளவு பாடு எதற்கு, மூடித் திறந்தால் தீர்ந்தது என்பார் உளர். மூடித் திறப்பது தற்காலிக நிவாரணம். அதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அது தடயங்கள் அனைத்தையும் ஒரு நொடியில் அழித்துவிடுகிறது. மேலும், நினைவகம் முற்றும் தீர்ந்தால் லினக்ஸ் கருவகம் பெருந்தீனிக்காரரைத் தேடிக் கொன்றுவிடும். கோப்போடு இணைந்த உரைகளைத் தானியங்கிச் சேமிப்பு ஓரளவு காக்கும். கோப்பில்லாத இடையகங்களில் எழுதி வைத்த குறிப்புகளை யார் காப்பார்?

இதினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. மென்பொருளை உருவாக்குபவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதை மூடித் திறந்து சோதிப்பவர். அவருடைய ஈமாக்ஸ் ஒரு மணி நேரம் வாழ்ந்தாலே அதிகம். மூன்றாம் வாரத்தில் தலைகாட்டும் நோய், மூன்று வாரம் ஓடவிடுபவருக்கே தெரியும். 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈமாக்ஸின் வழுப்பட்டியலில் இப்படியொரு முறையீடு எழுந்து நெடுங்காலம் பேசப்பட்டது. ஒதுக்கீட்டு நூலகமான குனு சி நூலகத்தைப் பராமரிப்போரும் அவ்வுரையாடலில் கலந்துகொண்டு, ஒவ்வோர் ஒதுக்கீட்டையும் பதிவு செய்யும் கருவியை இணைத்து இயக்குமாறு பயனர்களைக் கேட்டனர். வல்லுநர்கள் கூடியிருந்தும், அவர்களுக்குத் தேவைப்பட்டது பயனர் கணினியில் பல நாள் திரண்ட சான்றே. அதை வேறு எவரும் தந்திருக்க இயலாது.

ஆகவே நெடுநாள் பயனரை வெறும் நுகர்வோர் என்று எண்ணுவது பிழை என்பது எம் துணிபு. அவரே முதற்சாட்சி. ‘ஈமாக்ஸ் நினைவகத்தைத் தின்கிறது’ என்பது புலம்பல்; ‘முதல் நாள் இவ்வளவு, பத்தாம் நாள் இவ்வளவு, லிஸ்ப் கணக்கில் மாற்றமில்லை’ என்பது சாட்சியம். சுவடியைப் பதிப்பிப்பவர் பாடவேறுபாட்டைக் குறிக்கும் அதே பொறுமைதான் இதற்கும் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு நாம் செலுத்தக்கூடிய விலை இதுவே. அடுத்த முறை உங்கள் உரைதிருத்தி தள்ளாடும்போது, மூடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு மூடுங்கள்.