இரவொளி யாருக்குரியது?

பாரிசு மாநகரில் வாழும் எம் பழைய மாணவர் ஊர் மீளும்போது, ஈபெல் கோபுரத்தின் இரவுக் காட்சிப் படங்களைக் கொணர்ந்து காட்டுவதுண்டு. பொன்னொளி போர்த்து நிற்கும் அக்கோபுரத்தைக் கண்டு மகிழாதார் இலர். ஆயின், அப்படத்தை ஒரு நூலின் அட்டையில் அச்சிட்டு விற்க விழைவோர் முன்னரே இசைவு பெறல் வேண்டும் என்பதை அறிந்தார் சிலரே. அதே கோபுரத்தைப் பகலிற் பிடித்த படத்துக்கோ அவ்விசைவு வேண்டுவதில்லை. பகலிற் பொதுவுடைமை, இரவில் தனியுடைமை! இஃது எங்ஙனம் ஆயிற்று?

குஸ்தாவ் ஈபெலின் நிறுவனம் 1889 ஆம் ஆண்டிற் கட்டி முடித்த கோபுரம் அது. ஈபெல் 1923 இல் மறைந்தார். ஆக்கியோன் மறைந்து 70 ஆண்டுகள் கழியின் அவனது ஆக்கம் பொதுவுடைமையாகும் என்பது பிரெஞ்சு நாட்டின் இன்றைய சட்டம். ஆதலின், கோபுரத்தின் வடிவம் எல்லார்க்கும் உரியதாகிவிட்டது. அதன் ஒளியோ பின்வந்தது. 1985 ஆம் ஆண்டின் இறுதி நாளிரவு, பியேர் பிடோ என்பார் 336 ஒளிவீச்சு விளக்குகளைக் கோபுரத்தின் உள்ளேயே அமைத்து, இரும்புப் பின்னலை அகத்திருந்து ஒளிரச் செய்தார். 2000 ஆம் ஆண்டை வரவேற்குமுகமாக 20,000 மின்னு விளக்குகளும் சேர்ந்தன. கோபுரத்தின் கோடுகளை விளங்கச் செய்யும் ஒளியமைப்பும் ஒரு கலையாக்கமே என 1992 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் முறையீட்டு நீதிமன்று தீர்ப்பளித்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவிடத்து நிலையாக உள்ள கட்டிடங்களையும் சிற்பங்களையும் தனியாள் ஒருவர் வாணிக நோக்கமின்றிப் படமெடுத்து வெளியிட இடந்தந்தது; ஒளியைப் பற்றி அது வாய்திறந்திலது. தனிப்பட்டோர் தம் மகிழ்ச்சிக்காகப் படம்பிடிப்பதை எவரும் தடுப்பதில்லை என்பதையும் ஈண்டுக் கூறுதல் முறையாகும்.

ஒளியமைத்தோனும் கலைஞனே; அவனுழைப்பைப் பிறர் விற்றுப் பொருளீட்டல் அறமாகுமோ என்று வினவுவார் உளர். அவ்வினா நேரியதே. ஆயினும், படம்பிடிப்போனும் வாளாவிருப்பவனல்லன். ஞாயிறு மறைந்தும் வானின் நீலம் மாறாத அச்சிறு பொழுதுக்காக அவன் காத்திருக்கின்றான். படக்கருவியை முக்காலியில் அசையாது நிறுத்துகின்றான். ஒளிவாயிலைச் சில செக்கன்கள் திறந்துவைத்து, விளக்கொளி மிகாமலும் வானம் கருகாமலும் அளவறிந்து மூடுகின்றான். அவனுழைப்பும் உழைப்பன்றோ?

எம்மை வருத்துவது பிறிதொன்று. அறையில் மாட்டிய ஓவியத்தைக் காணாது செல்லலாம். நகர் நடுவே வானளாவ நிற்கும் கோபுரத்தைக் காணாதிருத்தல் யாருக்கு இயலும்? கோபுரமோ பாரிசு நகரத்தாரின் உடைமை. பொதுமக்கள் கண்முன் நாள்தோறும் வலிந்து நிறுத்திய காட்சியை, அம்மக்கள் நூலிற் பதித்தற்குத் தடை விதித்தல் பொருந்தாது. மேலும், ஒளியைப் புதுப்பிக்குந்தோறும் உரிமையும் புதிதாய்ப் பிறக்குமாயின், எத்துணைப் பழைய கட்டிடமும் இரவில் ஒருகாலும் பொதுமக்களுக்கு மீளாது. செல்வம் படைத்த விளம்பரக்காரர் கட்டணஞ் செலுத்தித் தப்புவர். இடர்ப்படுவோர் பாடநூல் எழுதும் ஆசிரியரும் சிறு சஞ்சிகை நடத்துவோருமே.

கட்டிடங்களின் படம் வெறும் அழகுப்பொருளன்று. அஃது ஊரின் நினைவு. 1981 ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பழைய தோற்றத்தை இளைய தலைமுறையினர் கண்டறிவது படங்களாலன்றோ? கட்டிடம் அழியினும் படம் எஞ்சும். அது பலர் கையில் இருந்தாலன்றி எஞ்சுதல் அரிது.

ஆதலின் எமது கருத்து இது: பண்டங்களிலும் விளம்பரங்களிலும் ஒளிக்காட்சியைப் பயன்படுத்துவோர் உரிய கட்டணம் செலுத்துக. கல்விக்கும் வரலாற்றுக்கும் செய்திக்கும் பயன்படுத்துவோர், ஒளியமைத்தோன் பெயரைக் குறித்தல் ஒன்றே போதுமானதாகுக. கலைஞனுக்குப் புகழும் பொருளும் உண்டு. மக்களுக்குக் காட்சியும் உண்டு. படக்கலை பயிலும் எம் மாணவர் தாமெடுக்கும் ஒவ்வோர் இரவுப் படத்தின் கீழும் கட்டியவர் பெயரையும் ஒளியமைத்தவர் பெயரையும் தேடியறிந்து எழுதுவாராக. பிறருழைப்பை மதிக்கும் அவ்வழக்கமே, தம் உரிமையைக் கேட்டற்கு அவர்க்குத் தகுதி தரும்.