26 வாரம் யாருக்கு?

1. "பெண்களுக்குத்தான் சம்பளத்தோட 26 வாரம் லீவு கொடுத்தாச்சே, இன்னும் என்ன டாக்டர் வேணும்?"னு ஒரு நண்பர் கேட்டார். எந்தப் பெண்களுக்கு? கொஞ்சம் பொறுமையா படிங்க. (த்ரெட்)

2. என் பிரசவ லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பின வாரம். வார்டுல தூய்மைப் பணி செய்யும் அக்கா மாப்போட நிக்கிறாங்க. குழந்தை பிறந்து 22 நாள்தான். காண்ட்ராக்ட் வேலை. பால் கட்டி வலி தாங்காம பாத்ரூம்ல பீய்ச்சி ஊத்தினாங்க. வெளியே சுவரில் போஸ்டர்: முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே. அதைத் தினமும் துடைக்கிறதும் அவங்கதான்.

3. சட்டத்தில் அவங்களுக்கு இடமில்லையா? இருக்கு. 1961 மகப்பேறு நலச் சட்டமே ஏஜென்சி மூலம் வேலை செய்பவரையும் சேர்த்தே சொன்னது. தினக்கூலிப் பெண்களுக்கும் உரிமை உண்டு என்று 2000-லேயே டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனா ESI இல்லாத இடத்தில் லீவு சம்பளம் மொத்தமும் முதலாளி தலையில். காண்ட்ராக்டர் என்ன செய்வார்? வயிறு தெரிஞ்சதும் பேரை எடுத்துடுவார்.

4. வீட்டு வேலை, வயல் வேலை செய்பவர்கள்? கடை, நிறுவனம்னா குறைந்தது 10 பேர் வேலை செய்யணும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு எது நிறுவனம்? முத்துலட்சுமி ரெட்டி திட்டம் இருக்கேம்பீங்க. நல்ல திட்டம்தான். பொருளும் சேர்த்து 18,000 ரூபாய். 26 வாரத்துக்குப் பிரிச்சா நாளுக்கு 100 ரூபாய்கூட வராது.

5. ஏற்கெனவே 2 குழந்தை இருந்தா 26 வாரம் 12 ஆகிடும். மருத்துவரா கேக்குறேன், மூணாவது குழந்தைக்கு மட்டும் 3 மாசம் தாய்ப்பால் போதுமா?

6. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கில் 1976-ல் தீர்ப்பு வந்தது. 'பெண்களை வேலைக்கு எடுத்திருக்காங்களே' என்றது நீதிமன்றம். எடுத்தது வெள்ளையினப் பெண்களை. இன வேறுபாடு, பாலின வேறுபாடு ரெண்டையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் மறுத்தது. இந்த வழக்கை வைத்துத்தான் 1989-ல் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா கேட்டார்: 'பெண்' என்று சட்டம் சொல்லும்போது மனதில் வைத்திருப்பது யாரை?

7. நம்ம சட்டம் மனசுல வெச்சிருந்தது என்னை மாதிரிப் பெண்ணை. மாதச் சம்பளம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரெண்டு குழந்தை. அந்த 26 வாரத்தைக் குறைக்கச் சொல்லலை. போராடி வாங்கினது அது. ஆனா அதை மட்டும் காட்டி 'பெண்களுக்குக் கொடுத்தாச்சு'ன்னு கணக்கை முடிக்காதீங்க.

8. தீர்வு தெரியாம இல்லை. ESI மாதிரி பொது நிதியிலிருந்து கொடுத்தா, கர்ப்பிணியை விரட்ட எந்த முதலாளிக்கும் காரணம் இருக்காது. அதை வயலுக்கும் வீட்டு வேலைக்கும் நீட்டணும். அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க. உங்க ஆபீஸைக் கூட்டுற அக்காவுக்குப் பிரசவ லீவு உண்டான்னு நாளைக்கு HR-ல கேளுங்க. பதில் வர எவ்வளவு நேரமாகுதுன்னு பாருங்க.