நீர்வழியும் நெறிமுறையும்

நாடு செழித்தற்கு வழிகள் வேண்டும். வழிகள் பயன்படுதற்கு நெறிமுறைகள் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் சோழனுடைய அலுவலர் பண்டப்பொதிகளிற் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்டமையைப் பட்டினப்பாலையால் அறிகின்றோம். ஆதலின் வணிகத்தை அரசு அளத்தல் ஆங்கிலேயர் புதிதாகக் கொணர்ந்த வழக்கமன்று. அவர் இயற்றிய சட்டங்கள் எதனைக் காத்தன, எதனைக் காவாது விட்டன என்பதே ஈண்டு நாம் ஆராயத்தக்கது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வள்ளூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய் செல்கின்றது. 1806-ஆம் ஆண்டிற் பாசில் காக்ரேன் என்பார் சென்னையினின்றும் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாயே இதன் முதற்பகுதி. 1837-இல் அரசாங்கம் இதனை ஏற்றுக்கொண்டது. தாது வருடப் பஞ்சக் காலத்தில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைப் பசித்த மக்கள் கூலிக்கு வெட்டினர். 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனாரின் பெயர் இதற்கு இடப்பட்டது. வெட்டியவர் பெயரை ஒருவரும் எழுதி வைத்திலர். பின்னர் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீண்ட இவ்வழியில் விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் படகேறிச் சென்றன.

1890-ஆம் ஆண்டுச் சென்னைக் கால்வாய்கள், பொதுத் தோணித்துறைகள் சட்டம் படகுகளைப் பதிவு செய்யவும் சுங்கம் தண்டவும் அதிகாரிகட்கு உரிமை அளித்தது. 1917-ஆம் ஆண்டு உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டமோ, ஒரு மாகாணத்தில் பெற்ற சான்றிதழ் மற்றொரு மாகாணத்திற் செல்லுதற்கு அங்கும் ஒப்பம் பெறவேண்டும் என்றது. அந்நாளிற் கால்வாய் முழுதும் சென்னை மாகாணத்தினுள் அடங்கியதாதலின் அவ்விலங்கு இங்கே தோன்றவில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபின், ஒரே நீர் இரண்டு ஆட்சிகளின் பொருளாயிற்று. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, படகுகளும் அருகின.

நிற்க. 2008-இல் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, ஒரு மாநிலச் சான்றிதழ் எல்லா மாநிலங்களிலும் செல்லும் என்று விதித்தது. இது மிக நன்று. ஆயினும் கலம் செல்ல நீர் வேண்டாமோ? எண்ணூரைச் சூழ்ந்த பகுதியிற் சேறும் கழிவும் நிலக்கரிச் சாம்பலும் நீரைத் தூர்க்கின்றன. படகுகள் நிறைந்திருந்த நாளிற் சட்டம் சுங்கம் கேட்டது. சட்டம் எல்லை திறந்த நாளிற் படகில்லை.

இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் இருக்கக் கால்வாய் எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். பளுவான பண்டங்களைக் குறைந்த செலவிற் கொண்டு செல்வது நீர்வழியே. அன்றியும், மழைவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்வதும் இதுவே. எண்ணூர்க் கழியின் மீனவர் வாழ்வும் இந்நீரோடு பிணைந்தது. கால்வாய் தூர்ந்தால் வணிகர் வேறு வழி தேடிக்கொள்வர். மீனவர் எங்குச் செல்வர்?

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்று. சுங்கம் செலுத்தாத படகோட்டியைப் பழைய சட்டம் விடாது பற்றியது. அங்ஙனமே நீரைக் காவாத அரசையும், அதிற் கழிவு கலக்கும் ஆலையையும் புதிய சட்டம் பற்றுதல் வேண்டும். இரு மாநிலங்களும் கூடி ஆழத்தையும் தூய்மையையும் பேணும் கடமையை ஏற்றல் வேண்டும். கலத்திற்கு உரிமை தந்தோம். இனி நீருக்கும் உரிமை தருவோமாக.