நிறைகுடம் வாய் திறக்கலாமா?



“நிறைகுடம் தளும்பாது” என்பது நாம் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்த பழமொழி. அடக்கமே பெண்களுக்கு அணிகலன் என்றும் பெரியோர் கூறுவர். அடக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆயினும், வேலைக்குச் செல்லும் ஒரு பெண் தான் செய்த வேலையைத் தானே எடுத்துச் சொல்வது அடக்கமின்மை ஆகுமா? ஆகாது என்பதே என் கருத்து.

என் பெரியம்மாவின் மகள் பட்டப்படிப்பை முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் கடை கடையாக ஏறி இறங்கி, எந்தப் பொருள் எங்கே விற்கிறது, எது தேங்கிக் கிடக்கிறது என்று குறித்து வந்தார். அக்குறிப்புகளை வேறொருவர் மேலதிகாரிகளின் கூட்டத்தில் வாசித்தார். பாராட்டும் அவருக்கே சென்றது. அக்கா மனம் வருந்தியபோது, “பொறுத்துக்கொள், நிறைகுடம் தளும்பாது” என்றே வீட்டில் அனைவரும் ஆறுதல் கூறினர். பொறுமை நல்லதே. ஆனால் அவை யாருடைய குறிப்புகள் என்பதை அக்கா சொல்லாவிட்டால் மேலதிகாரிக்கு எப்படித் தெரியும்?

மேலதிகாரிகளின் கவனத்தைப் பெறுவது என்றாலே, உரக்கப் பேசுவதும் முகத்துதி செய்வதும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு என்பதற்கு நம் மாநிலத்துப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையே சான்று. 1955ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த திருமதி இந்திரா நூயி, நம்மைப் போலவே கன்னியர் நடத்தும் பள்ளியில், அதாவது ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட்டில் படித்தவர். கல்கத்தாவில் மேலாண்மைப் படிப்பை 1976இல் முடித்து, மேட்டூர் பியர்ட்செல் என்ற துணி நிறுவனத்தில் சேர்ந்தார். அத்தனை படித்தவருக்கு முதலில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மாதிரிப் பையைச் சுமந்து சென்று தையற்காரர்களிடம் நூல் விற்பது! அந்த வேலையை அவர் இழிவாக நினைக்கவில்லை. வாங்குபவர் என்ன கேட்கிறார் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

பின்னர் பம்பாயில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில், ஸ்டேஃப்ரீ என்ற பெண்களுக்கான நாப்கினை இந்தியாவில் அறிமுகம் செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. பெண்களே தங்களுக்குள் வாய் திறந்து பேசக் கூசிய பொருள் அது. வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாத காலம். எனவே பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நேரே சென்று மாணவிகளுக்கு விளக்கிக் கூறினார்கள். பிறர் தயங்கிய வேலையை ஏற்றுத் திறம்படச் செய்பவரை உலகம் கவனியாமல் இருக்குமா?

1978இல் அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். ஒரு நேர்முகத் தேர்வுக்குத் தமக்குப் பொருந்தாத மேல்நாட்டு உடையில் சென்று கூசி நின்றார். “நீ நீயாகவே போ” என்ற பொருள்பட ஆலோசகர் ஒருவர் சொல்ல, அடுத்த தேர்வுக்குச் சேலை கட்டிச் சென்றார். அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில், 2006 முதல் 2018 வரை, பெப்சிகோ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். சேலை நெய்யும் ஊரில் பிறந்த நமக்கு இது பெருமை தரும் செய்தி அன்றோ!

“தன் பெயரைத் தானே சொல்வது தற்பெருமை” என்று சிலர் மறுக்கலாம். அவர்களை நம் ஆரணித் தெருக்களைப் பார்க்கும்படி வேண்டுகிறேன். பல நாட்கள் தறியில் உழைத்து நெய்யும் பட்டுச் சேலை கடைக்குப் போனதும், நெய்தவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. நம்மூர்ச் சேலை காஞ்சிபுரம் சேலை என்ற பெயரில் விலைபோவதாகவும் பெரியவர்கள் வருந்துவார்கள். இதனால்தான் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெறப்பட்டது. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் பட்டுச் சேலையோடு நெய்தவரின் பெயரும் புகைப்படமும் கொண்ட அட்டையை இணைக்கத் தொடங்கியது. இதை யாரும் தற்பெருமை என்று சொல்லவில்லையே! உழைத்தவர் பெயரை உழைப்போடு சேர்ப்பது நியாயம் என்றுதானே கருதினார்கள்?

ஆனால் இங்கும் ஒன்று விடுபடுகிறது. விடியும் முன் எழுந்து பட்டு நூல் இழைத்து, தார் சுற்றித் தரும் தாய்மார்களின் பெயர் கூலிக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதில்லை. “வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்று அவர்களே கூறிவிடுகிறார்கள். பெண்கள் தங்கள் உழைப்பை மறைத்துப் பேசும் இப்பழக்கமே அலுவலகம் வரை நம்மோடு வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே தோழியரே, நாளை வேலைக்குச் செல்லும்போது மூன்றை நினைவிற்கொள்வோம். முதலாவது, சிறிய வேலையையும் அடிமுதல் கற்போம். வெறுங்குடத்தை ஊருக்குக் காட்டிப் பயனில்லை. இரண்டாவது, வாரந்தோறும் நாம் செய்ததையும் கண்டதையும் நம் பெயரிட்டு எழுதி மேலதிகாரியிடம் நேரில் கொடுப்போம். மூன்றாவது, உதவியவர் பெயரையும் அதில் மறவாமல் எழுதுவோம். தன் பெயரோடு பிறர் பெயரையும் சொல்பவளைத் தற்பெருமைக்காரி என்று யாரும் கூற முடியாது.

இப்பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். நம் கண்காட்சியில் வைக்கும் படங்களிலும் மாதிரிகளிலும் வகுப்பின் பெயர் மட்டுமே இருக்கிறது. அடுத்த ஆண்டு முதல், அட்டை வெட்டிய மாணவி உட்பட உழைத்த எல்லாருடைய பெயரையும் எழுத அனுமதி தருமாறு அருட்சகோதரிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர்களே, உங்கள் மகள் “இதை நான் செய்தேன்” என்று சொல்லும்போது அவளை அடக்காதீர்கள். எப்படிச் செய்தாள் என்று கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு