விசில் யார் கையில்?



"இன்றைய மாணவர்கள் நாளைய தலைவர்கள்" என்ற வாசகத்தைக் கேட்காமல் நம்மில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்திருக்க முடியாது. ஆண்டு விழா மேடைகளில் கேட்டிருப்போம். பேச்சுப் போட்டியில் நாமே அதை முழங்கிவிட்டு சோப்பு டப்பாவைப் பரிசாக வாங்கி வந்திருப்போம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்த 'நாளை' எப்போதுதான் வரும்? நாளைக்குத் தலைவனாகப் போகிறவன் இன்றைக்கு எங்கே போய்ப் பழகிக்கொள்வது? நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கணும்னு சொன்னால், எவனால் நீச்சல் கத்துக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் பள்ளிக்கூடத்துச் சாரணர் படை. "சாரணனா? யூனிபார்ம் போட்டு, கழுத்துல ஸ்கார்ப் கட்டிக்கிட்டு, மந்திரி வந்தா வரிசையா நின்னு சல்யூட் அடிக்கிறவன்தானே?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. தப்பில்லை. பல இடங்களில் சாரணர் படையை நாம் பார்ப்பது அப்படித்தான். ஆனால் அந்த இயக்கம் அதற்காகப் பிறந்தது அல்ல.

பிறந்த கதை

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சோதனை முகாம் நடத்தினார். பெரிய பெரிய பள்ளிகளில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லோரையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்ற நீர்ப்பறவை - இவை அணிகளின் பெயர்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு அணிக்கும் தலைவன் வாத்தியார் அல்ல, அவர்களிலேயே ஒரு பையன்! அணியில் இருப்பவர்களின் நடத்தைக்கும் வேலைக்கும் அவனே பொறுப்பு. மறு வருடம், 1908இல், 'ஸ்கவுட்டிங் பார் பாய்ஸ்' நூல் வெளியானது. பிறகு நடந்தது உலகம் அறிந்தது.

இந்த அணி முறையைப் பற்றித் தனியாக நூல் எழுதியவர் ரோலண்ட் பிலிப்ஸ். 1916இல் முதல் உலகப் போரில் அவர் இறந்தபோது வயது 26தான். இளைஞர்களுக்குப் பொறுப்பு கொடுக்கச் சொன்னவரே ஓர் இளைஞர்!

நம் நாட்டுக்குச் சாரணர் இயக்கம் 1909இல் பெங்களூர் வழியாக வந்தது. ஆனால் அப்போது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே அதில் இடம். இந்தியப் பிள்ளைகள் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதைப் பொறுக்காமல் 1916இல் நம் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7ஆம் நாள், பிரிந்து கிடந்த அமைப்புகள் பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. அன்றைக்கு நம்மை உள்ளே விடவில்லை என்று போராடினோம். இன்றைக்கு உள்ளே இருக்கும் நம் பையனுக்குப் பொறுப்பைக் கொடுக்கிறோமா என்பதே என் கேள்வி.

இரண்டு பட்டையின் எடை

ஒரு படையில் 6 முதல் 8 பேர் வரை சேர்ந்தது ஓர் அணி. அதற்கு ஓர் அணித்தலைவன், ஒரு துணைத்தலைவன். தலைவனின் சட்டைப் பையில் இரண்டு பட்டை இருக்கும். அணித்தலைவர்கள் எல்லோரும் கூடி உட்காரும் சபைக்கு 'கோர்ட் ஆப் ஹானர்' என்று பெயர். அடுத்த மாதம் என்ன செய்வது, முகாமுக்கு எங்கே போவது, படையின் பணத்தை எதற்குச் செலவழிப்பது, தப்பு செய்தவனை என்ன செய்வது என்பதையெல்லாம் அங்கேதான் பேசி முடிவெடுக்க வேண்டும். சாரண ஆசிரியர் பக்கத்தில் இருந்து ஆலோசனை சொல்வார். அவ்வளவுதான்!

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அணித்தலைவன் ஆனேன். எப்படி ஆனேன்? யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. "நீதான் நல்லா படிக்கிறே, நீயே இரு" என்று சார் சொன்னார். ஆகிவிட்டேன்!

அந்த வருடம் முகாமில் எங்கள் அணிக்குத்தான் முதல் பரிசு. பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். ஏனென்றால் எல்லா வேலையையும் நானே செய்தேன். கூடாரத்துக்கு முளை அடித்தது நான். மூங்கிலைக் கட்டி ஷூ ஸ்டாண்டு, தட்டு வைக்கிற ஸ்டாண்டு செய்தது நான். உப்புமாவைக் கிளறியதும் நான். சின்னப் பையன்கள் கயிற்றைத் தொட்டால், "டேய், வுடுடா, கெடுத்துடுவே" என்று பிடுங்கிக்கொள்வேன். அவர்கள் தண்ணீர் தூக்கினார்கள், குப்பை பொறுக்கினார்கள், நான் கோப்பை வாங்கும்போது கை தட்டினார்கள்.

அடுத்த வருட முகாமில் இரண்டாம் நாள் எனக்குக் கடும் காய்ச்சல். முதலுதவிக் கூடாரத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி மழை. பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் இறுகும். அதனால் மழைக்கு முன்னே கூடாரக் கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முளை பிடுங்கிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும்! நடு ராத்திரியில் கூடாரம் சரிந்தது. அரிசி மூட்டை நனைந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இருட்டில் கயிறு தடுக்கி விழுந்து கையில் அடிபட்டான்.

காலையில் நான் எழுந்து போய்க் கத்தினேன். "ஒரு கயித்தத் தளர்த்தத் தெரியாதாடா உங்களுக்கு?" எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். என் துணைத்தலைவன் மட்டும் மெதுவாகச் சொன்னான். "நீங்க சொல்லித் தரவே இல்லியேண்ணே."

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு சார் எங்களை உட்கார வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தப்பு என்னுதும்தாண்டா. கோப்பை வருதேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அடுத்த வாரமே ஒவ்வொரு அணியும் ஓட்டுப் போட்டுத் தலைவனைத் தேர்ந்தெடுத்தது. என் அணியில் என் துணைத்தலைவன் ஜெயித்தான். நான் அவனுக்குக் கீழே ஒரு சாதாரண சாரணனாக நின்றேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு முகாம் சாப்பாட்டுப் பணத்தை அணிகள் கையிலேயே கொடுத்தார் சார். எங்கள் அணி முதல் தடவை மார்க்கெட்டுக்குப் போய், விலை மலிவு என்று தக்காளியை அள்ளிக்கொண்டு வந்தது. உப்பு வாங்க மறந்துவிட்டது! உப்பில்லாத சாம்பாரை எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அந்த முகாமில் எங்களுக்கு எந்தப் பரிசும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எவனும் பட்டியல் எழுதாமல் கடைக்குப் போனதே இல்லை. இதை எந்தப் பாடப் புத்தகம் சொல்லித் தரும்?

"அடிபட்டா யார் பதில் சொல்றது?"

பெரியவர்கள் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்தான். ஆகவே தண்ணீர், நெருப்பு, சாலை, மருந்து ஆகிய விஷயங்களில் கடைசி வார்த்தை ஆசிரியருடையதாகவே இருக்கட்டும். குளத்தில் இறங்கலாமா என்று பையன்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யக் கூடாது. ஆனால் சாப்பாட்டுக்கு என்ன சமைப்பது, யார் காவல் இருப்பது, புதிதாக வந்தவனுக்கு யார் முடிச்சுப் போடச் சொல்லித் தருவது, இதற்கெல்லாமுமா வாத்தியார் விசில் ஊதணும்? உயிருக்கு ஆபத்தில்லாத தப்பைச் செய்யும் உரிமை பையனுக்கு வேண்டும். அந்தத் தப்பைத் திருத்தும் பொறுப்பும் அவனுக்கே வேண்டும்.

அணித்தலைவனுக்கும் ஒன்று சொல்வேன். தலைமை என்றால் அதட்டுவது அல்ல. எவன் ரெண்டு வாரமாக வரவில்லை, ஏன் வரவில்லை, முகாமுக்குப் பணம் கட்ட முடியாமல் எவன் 'வயித்து வலி' என்று சாக்கு சொல்கிறான் என்பதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் தலைமை. நன்றாகச் செய்கிறவனைத் தட்டிக்கொடுக்க எல்லோராலும் முடியும். தடுமாறுகிறவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகப் பக்கத்தில் நிற்பவனே தலைவன். நான் அப்படி நிற்கவில்லை. நீயாவது நில் தம்பி!

நம்ம பாலிடெக்னிக்கில்...

"பள்ளிக்கூடத்துக் கதையை இந்த மலரில் ஏன் எழுதறே?" என்று கேட்கலாம். நம் வொர்க் ஷாப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆறு பேர் கொண்ட ஒரு பேட்ச். லேத்தில் நிற்பது ஒருவன். மற்ற ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அவன் எடுத்த அளவையே ஆறு பேரும் ரெக்கார்டில் எழுதுவார்கள். மார்க் வந்துவிடும். ஆனால் நாளைக்கு ஒரு கம்பெனியில் "இந்த ஜாப்பைப் போடு தம்பி" என்று சொன்னால், அந்த ஐந்து பேரின் கை நடுங்கும். இது என் பழைய கூடாரத்தின் கதைதானே?

நம் மாணவர் பேரவையும் இதற்கு விலக்கு இல்லை. ஆண்டு விழா வந்தால் செயலாளர் ஒருவரே ஓடுவார். பந்தல்காரர், மைக் செட், பிரிண்டிங் பிரஸ் எல்லாம் அவர் தலையில். ராத்திரி பகலாக உழைக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் படிப்பு முடித்துப் போன மறுநாள், எந்தப் பிரஸ்ஸில் அடித்தோம், எவ்வளவு பாக்கி என்பதுகூட அடுத்து வருகிறவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் நாம் 'அ'னாவிலிருந்து ஆரம்பிக்கிறோம்!

ஆகவே நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது இரண்டே விஷயம். ஒன்று, பேரவையின் ஒவ்வொரு பொறுப்பாளரும் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் துணையாக வைத்துக்கொண்டு, வேலையைக் கூடவே கற்றுக்கொடுக்க வேண்டும். டீ வாங்கி வரச் சொல்வதற்கு அல்ல, கணக்கு எழுதச் சொல்வதற்கு! இரண்டு, வொர்க் ஷாப்பில் தொழில் தெரிந்தவன் தெரியாதவனிடம் டூலைக் கொடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். ஜாப் கொஞ்சம் கெட்டால் கெடட்டும். இன்னொரு துண்டு இரும்பு கிடைக்கும். தைரியம் கெட்ட ஒருவனுக்கு இன்னொரு தடவை தைரியம் வருவது கஷ்டம்.

என் துணைத்தலைவன் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்று என் கழுத்தில் இருந்த விசிலைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கு முதலில் ஊதவே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. எல்லோரும் சிரித்தோம். அடுத்த முகாமில் மழை வந்தபோது அவன் ஊதிய விசிலுக்கு ஏழு பேரும் ஓடிப்போய் ஆளுக்கொரு கயிற்றைத் தளர்த்தினார்கள். நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் நான் செய்த தப்பின் முழு அளவும் எனக்குத் தெரிந்தது.

நண்பர்களே, உங்கள் கழுத்தில் இருக்கும் விசிலை அடுத்தவனிடம் கொடுங்கள். நீங்கள் இருக்கும்போதே கொடுங்கள்!