திரும்பச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் கூலி

ஓடையைத் தாண்ட வேண்டிய இடம் வந்ததும் வழிகாட்டி ஒரு குச்சியை ஒடித்தார். தண்ணீர் வந்து தொடும் விளிம்பில், ஈர மணலில் அதைக் குத்திவைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். பதினைந்து பேர் இருந்தோம். காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் புறப்பட்ட நடை. அருவிக்கு இன்னும் அரை மணி நேரம்தான். விழும் சத்தம் மரங்களுக்குப் பின்னால் லேசாகக் கேட்கவே தொடங்கிவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. கடலை மிட்டாய் கைமாறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். விளிம்பில் நட்ட குச்சி நாலு விரற்கடைத் தண்ணீருக்குள் நின்றது. சுற்றிலும் பழுத்த இலைகளும் சுள்ளிகளும் சுழன்று போயின. "மேல மழை இறங்கிருச்சு சார். இத்தோட திரும்பிருவோம்" என்றார்.

தேனி மாவட்டத்து மலை ஒன்றில் நடந்தது இது. பாதிப் பேருக்கு முகம் வாடிவிட்டது. "வானத்துல ஒரு பொட்டு மேகம்கூட இல்லையேண்ணே" என்றார் ஒரு இளைஞர். "பணம் கட்டித்தானே வந்திருக்கோம்" என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள். வார இறுதியில் குழுவாகச் சேர்ந்து அருவிக்கு நடந்துபோய் வரும் வழக்கம் நம் ஊர்களில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஆனால் அந்தக் குழுவோடு ஒரு வழிகாட்டி எதற்காக வருகிறார் என்பது இன்னும் பலருக்கு விளங்கவில்லை. ஆகவே இரண்டு கேள்விகளையும் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மேகம். நாம் குளிக்கிற இடத்தில் பெய்யும் மழையால் அருவி பெருகுவதில்லை. அதற்கு மேலே, நம் கண்ணுக்கு எட்டாத சரிவுகளில் பெய்கிற மழைதான் அருவியாக வந்து விழுகிறது. பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலையில் மழை பிடித்தால், கீழே கும்பக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். "குளிக்கத் தடை" என்று வனத்துறை அறிவிப்பதை ஆண்டுதோறும் செய்தித்தாளில் பார்க்கிறோம். ஏதோ அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் சங்கதி புரியும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஒரு கோடி லிட்டர். 10 மில்லிமீட்டர் என்பது மலையில் பெரிய மழையே அல்ல. அருவிக்கு மேலே நீர்ப்பிடிப்புப் பகுதி 20 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அங்கே 50 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தால் 100 கோடி லிட்டர். இதில் ஒரு பகுதியை மண் குடித்துக்கொள்ளும். சோலைக்காடு அடர்ந்த சரிவாக இருந்தால் நிறையவே குடித்து, மெல்ல மெல்லக் கசியவிடும். மொட்டைப் பாறையாக இருந்தாலோ, முந்தைய நாள் மழையில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தாலோ, வந்த தண்ணீர் வந்த வேகத்தில் ஓடைக்குள் இறங்கும். அகன்ற சரிவில் சேர்ந்த அவ்வளவும் கடைசியில் நாம் நிற்கிற குறுகிய பாறை இடுக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் நடந்தது இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீர் வெள்ளமாக இறங்கியது. அலறியடித்து ஓடியவர்கள் தப்பினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். ஆள் நடமாட்டமும் படிக்கட்டும் உள்ள இடத்திலேயே அந்தக் கதி என்றால், இரண்டு மணி நேரம் காட்டுக்குள் நடந்து போய்ச் சேரும் அருவியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வெள்ளம் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதாகச் சொல்கிறோம். அறிவிப்பு இருக்கிறது, நமக்குத்தான் அதை வாசிக்கத் தெரியாது. கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் லேசாகக் கலங்கி டீ நிறத்துக்கு மாறும். காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். புதுமண் வாசனை அடிக்கும். ஓடையின் சத்தம் தடித்து, ஒரு உறுமல்போல் ஆகும். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பளியர் பழங்குடி வழிகாட்டி ஒருவருக்கு இந்த மாற்றம் காதில் விழுந்ததும் தலை நிமிர்ந்துவிடும். நம்மில் யாராவது ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தால் அவர் காதிலும் அது விழாது. காட்டில் பாட்டு வேண்டாம் என்று அவர் சொல்வது யானைக்காகவும் காட்டெருமைக்காகவும் மட்டுமல்ல, ஆற்றின் குரலைக் கேட்பதற்கும்தான்.

சரி, நாலு விரற்கடை ஏறினால் என்ன, தாண்டிப் போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடலாமே என்று தோன்றும். போகும்போது கணுக்காலளவு இருந்த ஓடை திரும்பும்போது இடுப்பளவு இருந்தால்? ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலளவு வேக நீரே தெம்பான ஆளைச் சாய்த்துவிடும்; அடியில் பாசி படிந்த உருண்டைக் கல் வேறு. மலை ஓடையில் இன்னொரு குணமும் உண்டு. ஏறுகிற வேகத்திலேயே வடியவும் செய்யும். மேலே மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் செய்யக்கூடாத ஒரே காரியம், பதறிப்போய்த் தண்ணீரில் இறங்குவது. மேட்டில் ஏறி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இருட்டினாலும் பரவாயில்லை, குளிரில் நடுங்கினாலும் பரவாயில்லை. உயிர் போவதெல்லாம் "எப்படியாவது தாண்டிடலாம்" என்கிற அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இருட்டு என்றதும் நேரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கோடையிலும் பருவமழைக்கு முந்தைய வாரங்களிலும் மலைமேல் இடிமேகம் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் திரளும். காலை வெயிலில் சூடேறிய காற்று மேலே போய்க் குளிர்ந்து மேகமாகி இறங்க அவ்வளவு நேரமாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் இன்னொரு சிக்கல்: சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். ஊரில் வெயில் இருக்கும்போதே பள்ளத்தாக்கில் பொழுது சாய்ந்துவிடும். அதனால்தான் விடியற்காலையில் கிளப்புகிறார்கள். "பன்னிரண்டு மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம்" என்று நல்ல வழிகாட்டி அடிவாரத்திலேயே சொல்லிவிடுவார். அருவி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்தச் சொல் மாறக்கூடாது.

குழுவாகப் போவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மெதுவாக நடப்பவரை முன்னால், வழிகாட்டிக்குப் பின்னாலேயே விட வேண்டும். அவர் நடைதான் எல்லோருடைய நடையும். பாதை தெரிந்த இன்னொருவர் கடைசியில் வர வேண்டும். கால் வலுவுள்ள இளைஞர்கள் முன்னால் பறந்துவிட்டு, பின்தங்கியவர் தனியே மூச்சு வாங்கிக்கொண்டு வரும் குழு வெறும் பெயருக்குத்தான் குழு. காட்டுக்குள் செல்போன் எடுக்காது. ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் தூக்கிவர நாலு பேர் வேண்டும், கீழே ஓடிச் செய்தி சொல்ல இரண்டு பேர் வேண்டும். அங்கே நமக்கு ஆம்புலன்ஸ், கூட நடக்கிறவர்கள்தான்.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தால் குளியல். இதில் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: கசத்தில் குதிக்காதீர்கள். கும்பக்கரையில் யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று ஆழமான பள்ளங்களுக்குப் பெயர் வைத்தே எச்சரித்திருக்கிறார்கள் அந்த ஊர் மக்கள். நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் நன்றாக நீந்துபவரையும் அது சரியாக மிதக்கவிடாது. அடியில் பாறைக் குகையோ சிக்கிய மரமோ இருப்பது மேலிருந்து தெரியாது.

இப்போது பணம் பற்றிய கேள்வி. அதற்கு முன், அனுமதியும் வழிகாட்டியும் எதற்கு என்று பார்த்துவிடலாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டிலேயே மலையேற்றத்தை முறைப்படுத்த அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. கோடையில் காட்டுத்தீக் காலம் வந்தால் பாதைகளை மூடுவதும், அனுமதி இல்லாமல் உள்ளே போனால் நடவடிக்கை எடுப்பதும் நம்மை விரட்டுவதற்காக அல்ல. எத்தனை பேர் எந்தப் பாதையில் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் தேடி வர ஆள் இருக்கும். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் மக்களையும் பழங்குடியினரையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் இந்தத் துறையில் நடந்த மிக நல்ல காரியம் இது. காட்டைத் தெரிந்தவருக்கே காட்டிலிருந்து ஒரு வருமானம் கிடைக்கிறது.

ஆனாலும் ஒரு குறை எங்கும் இருக்கிறது. எங்களோடு வந்தவர்களில் சிலர், அருவியைக் காட்டவில்லை என்று வழிகாட்டிக்கு வழக்கமாகக் கையில் கொடுக்கும் தொகையைக் கொடுக்காமலே வேனில் ஏறிவிட்டார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அருவியைக் காட்டினால்தான் கூலி என்றாகிவிட்டால், அடுத்த முறை குச்சி தண்ணீருக்குள் நிற்கும்போது அவர் என்ன முடிவு எடுப்பார்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய ஒரு மனிதரை நாம்தான் ஆற்றுக்குள் இறங்கத் தூண்டுகிறோம். அருவி இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு ஒற்றையடிப் பாதை போதும். போகக்கூடாத நாளைச் சொல்லத்தான் ஆள் வேண்டியிருக்கிறது, நாம் கட்டும் பணமும் அதற்காகத்தான்.

குழு நடத்துபவர்கள் இதைப் பணம் வாங்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடலாம்: அருவி உறுதி இல்லை, வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்பிவிடுவோம், பேச்சுக்கு இடமில்லை. புறப்படும் முன் நீங்களும் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். திரும்பும் நேரம் எத்தனை மணி? மேலே நேற்று மழை பெய்ததா? இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாதவரோடு போகாதீர்கள். பதில் தெரிந்தவரோடு போய், அருவியைப் பார்க்காமலே திரும்ப நேர்ந்தால், அன்றைக்கும் அவருக்குச் சேர வேண்டியதை முழுசாகக் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.